சர்க்கரை போட்டும் இனிக்காத பீர்

பிரான்சின் வடகோடியில், காஸெல் குன்றுக்குக் கீழே ஒரு பண்ணை. வாசலில் டிராக்டர், அதற்குப் பின்னால் மாட்டுத் தொழுவம், தொழுவத்தை ஒட்டி ஒரு பழைய செங்கல் கொட்டகை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் ஆளுயர எஃகுத் தொட்டிகள். சனிக்கிழமை காலையில் மட்டும் கதவைத் திறந்துவைத்து பீர் விற்பார்கள். லில் நகரத்தில் வேலை பார்த்த நாட்களில் ஒருமுறை அங்கே போய் ட்ரிபெல் என்ற தங்க நிற பீர் ஒன்று வாங்கினேன். இது எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு விற்ற அம்மா யோசிக்கவே இல்லை. "முகர்ந்தால் இனிக்கும், குடித்தால் இனிக்காது" என்று சொல்லிவிட்டு சில்லறை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அதுவரை எனக்குத் தெரிந்த பீர் இரண்டே வகைதான். ஜில்லென்று இருந்தால் போதும் என்று குடிப்பது ஒன்று, லேபிளில் 'ஸ்ட்ராங்' என்று போட்டிருப்பது இன்னொன்று. இரண்டையுமே யாரும் முகர்ந்து பார்த்ததாக நினைவில்லை. அந்த அம்மா சொன்ன ஒரு வரி உண்மையிலேயே என்ன சொல்கிறது என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. புரிந்தபோது ட்ரிபெல் என்றால் என்ன என்பதில் முக்கால்வாசி அந்த வரிக்குள்ளேயே இருந்தது தெரிந்தது.

முதலில் பெயர். ட்ரிபெல் என்பது பெல்ஜியத்தின் வடபாதியில் பேசும் டச்சு மொழிச் சொல். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சில் 'த்ரிப்ள்' என்பார்கள். பாட்டிலில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் சரக்கு ஒன்றுதான். பொருள், மூன்று மடங்கு. சரி, எது மூன்று மடங்கு? மூன்று முறை நொதிக்கவைத்தது என்று ஒருவர் சொல்வார். மூன்று தானியம் சேர்த்தது என்று இன்னொருவர் சொல்வார். மூன்று மடங்கு போதை என்று மூன்றாமவர் கண்ணடிப்பார். மூன்றுமே இல்லை. நாம் காப்பியில் லைட், மீடியம், ஸ்ட்ராங் என்று சொல்வதுபோல இது ஒரு வரிசைப் பெயர், அவ்வளவுதான். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்மாலே என்றொரு துறவி மடம் இருக்கிறது. அந்த மடத்துத் துறவிகள் சாப்பாட்டோடு குடிக்கும் மெல்லிய பீரில் ஆல்கஹால் 4.8 சதவீதம். அவர்களுடைய 'டுபெல்' 7 சதவீதம், ட்ரிபெல் 9.5 சதவீதம். 4.8-ஐ மூன்றால் பெருக்கினால் 14.4 வர வேண்டும். இங்கே இரண்டு மடங்குகூட முழுசாக வரவில்லை, பாருங்கள்.

குழப்பத்தை அதிகமாக்க, பார்லி, கோதுமை, ஓட்ஸ் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சும் ட்ரிபெல் கார்மெலீட் என்ற பெல்ஜிய பீர் 1996-இல் வந்து உலகப் புகழ் அடைந்துவிட்டது. அதைக் குடித்தவர்கள் எல்லா ட்ரிபெல்லும் மூன்று தானியம்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவை பார்லி மட்டுமே.

வெஸ்ட்மாலேயைச் சொன்னதற்குக் காரணம், இன்று நாம் ட்ரிபெல் என்று சொல்வதற்கு அளவுகோலே அந்த மடத்து பீர்தான். மடம் 1794-இல் தொடங்கியது. 1836 முதல் பீர் காய்ச்சுகிறார்கள். ஆனால் பொன்னிறத்தில் காட்டமாக ஒரு பீரை அவர்கள் கொண்டுவந்தது 1934-இல்தான். 1956-இல், கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கொஞ்சம் கூட்டி அந்தச் செய்முறையைத் திருத்தினார்கள். இன்று வரை பெரிதாக அதை மாற்றவில்லை. லேபிளில் துறவி படத்தைப் போட்டு 'பழங்கால ரகசியச் செய்முறை' என்று யாராவது விற்றால் சிரித்துக்கொள்ளலாம். தமிழில் பேசும்படம் வந்து மூன்று வருடம் கழித்துத்தான் இந்த பீர் பிறந்தது.

அந்தக் காலகட்டத்தில் பிறந்ததும் தற்செயல் இல்லை. 1919-இல் பெல்ஜியத்தில் நீதி அமைச்சராக இருந்த எமீல் வான்டர்வெல்ட பெயரால் அறியப்படும் சட்டம், மதுக்கடைகளில் சாராய வகைகளை ஊற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. காட்டமான மதுவுக்குப் பழகிய நாக்குகள் காட்டமான பீர் பக்கம் திரும்பின. இன்னொரு பக்கம், 1842-இல் பில்சன் நகரத்தில் பிறந்த தங்க நிற பீர் ஐரோப்பா முழுக்கப் பரவி, கறுப்பு பீர்களை ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. காட்டமாகவும் இருக்க வேண்டும், தங்கம்போல் பளபளக்கவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் சந்தித்த இடம்தான் ட்ரிபெல்.

கற்கண்டு செய்யும் வேலை

இப்போது அந்த அம்மாவின் வாக்கியத்தில் பின்பாதி: குடித்தால் இனிக்காது. இதைப் புரிந்துகொள்ள பீர் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராகி மால்ட் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைக்கிறோம் அல்லவா? பார்லியிலும் அதேதான். முளை விடும்போது தானியத்துக்குள் சில என்சைம்கள் விழித்துக்கொள்ளும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் வேலை அவற்றுடையது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து, அறுபத்தைந்து டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் தண்ணீர் பானகம்போல் இனிக்க ஆரம்பிக்கும். அதை வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும்.

பதநீர் கள்ளாவதும் இதே கதைதான். சுண்ணாம்பு தடவாத பானையில் இறங்கிய பதநீர் மதியத்துக்குள் பொங்கும், இனிப்பு குறையும், போதை ஏறும். எங்கே இனிப்பு போனது? ஈஸ்ட்டின் வயிற்றுக்குள் போனது.

ஆனால் பார்லிப் பானகத்துக்கும் பதநீருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பதநீரில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க எளிய சர்க்கரை. பார்லியிலிருந்து வருவதில் ஒரு பகுதி ஈஸ்ட்டால் மெல்ல முடியாத நீளச் சங்கிலிகள். டெக்ஸ்ட்ரின் என்பார்கள். அவை தின்னப்படாமல் பீரிலேயே தங்கும். கொஞ்சம் தங்கினால் பீருக்கு ஒரு கனம் கிடைக்கும், நல்லது. 9 சதவீத ஆல்கஹால் வர வேண்டும் என்று பார்லியை மட்டும் அள்ளிப் போட்டால், தங்குவதும் அதே அளவுக்கு ஏறிவிடும். அப்புறம் குடிப்பது பீராக இருக்காது, கஞ்சியாக இருக்கும். அரை டம்ளரிலேயே திகட்டிவிடும்.

இந்த இடத்தில்தான் பெல்ஜியக்காரர்களின் தந்திரம். பார்லியில் ஒரு பங்கைக் குறைத்து, பதிலுக்குச் சர்க்கரையைக் கொதிக்கும் தொட்டியில் நேராகக் கொட்டுகிறார்கள். மொத்த சர்க்கரைச் சத்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை இப்படி வரலாம். வெறும் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு அல்வா மாதிரி. ஒரு துளி மிச்சம் வைக்காது. ஆல்கஹால் ஏறும், கனம் ஏறாது. ஆக, சர்க்கரை போட்டால் பீர் இனிக்கும் என்பது நம் எதிர்பார்ப்பு. போடுவதோ இனிப்பைக் குறைக்க.

கணக்கிலும் பார்த்துவிடலாம். நல்ல ட்ரிபெல் ஒன்றின் பானகம் ஒரு லிட்டர் 1,080 கிராம் எடை இருக்கும், தண்ணீரைவிட 80 கிராம் அதிகம். அதில் கரைந்திருப்பது சுமார் 200 கிராம் சத்து. கடையில் வாங்கும் கோலாவில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. நொதித்து முடிந்ததும் அதே லிட்டர் 1,010 கிராமுக்கு வந்து நிற்கும். மிஞ்சியது கால்வாசிச் சத்து. அதிலும் பெரும்பகுதி நாக்குக்கு இனிக்காத டெக்ஸ்ட்ரின். ஆல்கஹால் 9 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். இந்த இரண்டு எடைகளுக்கு நடுவில் இருக்கும் தூரம்தான் ட்ரிபெல்லின் குணம். அந்த இரண்டாவது எண் 1,020-இல் நின்றுவிட்டால் அது ட்ரிபெல் என்ற பெயரில் விற்கப்படும் பாகு.

இந்தச் சர்க்கரைக்கு அங்கே பெயர் 'காண்டி'. ஓசை ஒத்துப்போவது கேட்கிறதா? நம் கற்கண்டும் அந்தக் காண்டியும் ஒரே குடும்பச் சொற்கள். பாரசீகத்திலும் அரபியிலும் 'கந்த்' ஆகி ஐரோப்பா போய்ச் சேர்ந்த சொல் அது. சொல்தான் இங்கிருந்து போனதே தவிர சர்க்கரை கரும்பில் செய்ததில்லை. பீட்ரூட்டின் வெள்ளைச் சகோதரனான சர்க்கரைக் கிழங்கில் செய்தது. நெப்போலியன் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்ததால் கரீபியன் கரும்புச் சர்க்கரை பிரான்சுக்கு வரவில்லை. 1811-இல் 32,000 ஹெக்டேரில் சர்க்கரைக் கிழங்கு பயிரிடச் சொல்லி அவர் ஆணை போட்டார். வட பிரான்சின் மண் அதற்குத் தோதாக அமைந்தது. இன்றும் இலையுதிர் காலத்தில் லில்லிலிருந்து எந்தப் பக்கம் காரில் போனாலும், சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு அந்தக் கிழங்குக் குவியல்களைப் பார்க்கலாம்.

வாழைப்பழம் போடாத வாழைப்பழ வாசனை

இனி வாக்கியத்தின் முன்பாதி: முகர்ந்தால் இனிக்கும். முதல் முறை மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டபோது எனக்கு வந்தது சந்தேகமே இல்லாமல் பழுத்த பூவன் பழ வாசனை. பின்னாலேயே கிராம்பு. பண்ணைக்கார அம்மாவிடம் என்ன மசாலா போடுகிறீர்கள் என்று அடுத்த முறை கேட்டேன். "ஒன்றுமே இல்லை, எல்லாம் ஈஸ்ட்" என்றார். நம்பவில்லை. அவர் உள்ளே கூட்டிப்போய் தொட்டியின் வெப்பமானியைக் காட்டினார். 22 டிகிரி.

அந்த எண்தான் பதில். சாதாரண லாகர் பீரை 8 முதல் 12 டிகிரிக்குள் குளிரவைத்து மெதுவாக நொதிக்கவிடுவார்கள். ஈஸ்ட் சத்தம் போடாமல் வேலையை முடிக்கும். ட்ரிபெல்லுக்குப் பயன்படும் பெல்ஜிய ஈஸ்ட்டை வெதுவெதுப்பில் விடுவார்கள். சூட்டில் அது வேகமாக உழைக்கும், வேலையோடு வேலையாக எஸ்டர் என்ற வாசனைப் பொருள்களையும் வெளியே விடும். அவற்றில் ஒன்று ஐசோஅமைல் அசிட்டேட். வாழைப்பழத்தில் இருப்பதும் அதே மூலக்கூறுதான், போலி அல்ல. கிராம்பு வாசனை வேறு வழியில் வருகிறது. பார்லியின் உமியில் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. இந்த ஈஸ்ட் வகைக்கு அதை உடைத்து, கிராம்பின் வாசனைப் பொருளான யூஜெனாலுக்குப் பங்காளி முறையான ஒரு பொருளாக மாற்றத் தெரியும். லாகர் ஈஸ்ட்டுக்கு அந்த வித்தை தெரியாது.

சில ஆலைகள் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவதுண்டு. தப்பில்லை, ஆனால் என் கணக்கில் அது குறுக்கு வழி. ஈஸ்ட் சரியாக இருந்தால் தேவைப்படாது.

ஈஸ்ட் உயிருள்ளது என்பதே உறுதியாகத் தெரியவந்த கதையும் இந்த வட்டாரத்தோடு சேர்ந்ததுதான். 1854-இல் லில்லில் புதிதாகத் தொடங்கிய அறிவியல் புலத்துக்கு டீனாக வந்தவர் லூயி பாஸ்டர். அப்போது அவருக்கு வயது 31. சர்க்கரைக் கிழங்கிலிருந்து ஆல்கஹால் காய்ச்சும் உள்ளூர் ஆலைக்காரர் ஒருவர், தன் தொட்டிகள் சில கெட்டுப்போவதாக 1856-இல் அவரிடம் வந்து முறையிட்டார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கே போனார். அங்கே பார்த்ததுதான் நொதித்தல் பற்றிய அவருடைய முதல் ஆய்வுகளுக்கு வழிவிட்டது. கிழங்கு, ஈஸ்ட், லில் மூன்றும் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன.

ஹாப்ஸைப் பற்றி ஒரு பத்தி போதும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் மூலிகை வாசனையும் அது தரும். ட்ரிபெல்லில் கசப்பு லேசான லாகரைவிட இரண்டு மடங்கு இருக்கும், ஆனால் முன்னால் வந்து நிற்காது, கடைசியில் வாயைக் கழுவிவிட்டுப் போகும். வெஸ்ட்மாலேயில் செக் நாட்டு ஸாட்ஸ் போன்ற பழைய ஹாப்ஸ் ரகங்கள். பிரான்சில் அல்சாஸ் பகுதியின் ஸ்ட்ரிஸெல்ஷ்பால்ட் பெயர்பெற்றது. காஸெலுக்குப் பக்கத்தில் பையோல் ஊரைச் சுற்றியும் ஹாப்ஸ் தோட்டங்கள் உண்டு. ஆறேழு மீட்டர் உயரக் கம்பங்களில் வெற்றிலைக்கொடிபோல் ஏறி நிற்கும். அந்தப் பக்கத்து டச்சு வழக்கான பழைய ஃப்ளெமிஷில் இதற்கு 'ஹொம்மெல்' என்று பெயர்.

பண்ணை பீர் என்றால்

பெல்ஜியத்து பீரை பிரான்சில் ஏன் காய்ச்சுகிறார்கள் என்று கேட்கலாம். காஸெல் பிரான்சுக்குக் கைமாறியதே 1678-இல்தான், பதினான்காம் லூயி போரிட்டு வாங்கியது. அதுவரை அது ஃப்ளாண்டர்ஸ், இன்றைய வட பெல்ஜியத்தோடு சேர்ந்த பகுதி. எல்லைக்கோடு வந்தபிறகும் கோட்டின் இருபுறமும் ஒரே மண், ஒரே பார்லி, ஒரே மாதிரி செங்கல் வீடு. பண்ணை வேலை குறைந்த குளிர்காலத்தில் பீர் காய்ச்சிவைத்து வெயில் காலத்தில் குடிக்கும் வழக்கமும் பொது. பிரெஞ்சுப் பக்கத்தில் இதற்கு 'பியேர் த கார்த்' என்று பெயர், அதாவது வைத்திருந்து குடிக்கும் பீர். செம்பு நிறம், மால்ட்டின் ரொட்டி வாசனை தூக்கல், ஈஸ்ட் அடக்கம். அந்த மண்ணின் சொந்தச் சரக்கு இதுதான். ட்ரிபெல் பக்கத்து வீட்டிலிருந்து வந்த மருமகள்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் படை வட பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது, ஆலைகளின் செம்புக் கொப்பரைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. போருக்குப் பிறகு பல பண்ணைகள் மீண்டும் அடுப்பே மூட்டவில்லை. மிச்சமிருந்தவற்றைப் பெரிய லாகர் கம்பெனிகள் மெல்ல விழுங்கின. பண்ணைப் பாரம்பரியத்தைக் கைவிடாமல் வைத்திருந்த சிலரில் ஜான்லேன் கிராமத்து துயிக் குடும்பம் ஒன்று, 1922 முதல் காய்ச்சுகிறார்கள். 1996-இல் எஸ்கெல்பெக் கிராமத்தில் ஒரு பழைய பண்ணைக் கட்டடத்துக்குள் தீரியே ஆலை தொடங்கியது. பையோல் பக்கத்து பெக் குடும்பம் தாங்கள் வளர்க்கும் ஹாப்ஸைத் தாங்களே பீராக்குகிறது. இன்று பிரான்சில் சிறியதும் பெரியதுமாக 2,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன.

லேபிளில் 'பண்ணை' என்று போட்டிருந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பார்லி உங்களுடையதா? கொட்டகையில் தொட்டி வைத்து, மால்ட்டை மூட்டையாக வாங்கிப் போடுபவர்களும் உண்டு. பீர் அதனால் மோசம் என்று ஆகாது, பண்ணை என்ற சொல்லுக்கு அர்த்தம் குறையும், அவ்வளவே. சொந்த பார்லி போடுபவர்களுக்கும் ஒரு தலைவலி இருக்கிறது. முளைகட்டுவது தனித் தொழில். பெரிய மால்ட் ஆலைகள் ஒரு விவசாயியின் சின்ன லோடைத் தனியாக வைத்துச் செய்து தராது, ஊர்ப் பார்லியோடு கலந்துவிடும். சிறிய மால்ட் ஆலை பக்கத்தில் கிடைத்தால்தான் தன் வயல் தன் பாட்டிலுக்குத் திரும்பி வரும். ஒரு ஹெக்டேரில் ஆறு டன் பார்லி விளைந்தால் தோராயமாக 20,000 லிட்டர் ட்ரிபெல் காய்ச்சலாம். ஊறிய சக்கை தொழுவத்துக்குப் போகும். நான் போன பண்ணையில் காய்ச்சும் நாளன்று மாடுகள் கொட்டகைப் பக்கமே திரும்பி நிற்குமாம்.

ருசிப்பது

சரி, பாட்டில் கைக்கு வந்துவிட்டது. முதல் காரியம், அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டு கால் மணி நேரம் சும்மா இருங்கள். 4 டிகிரியில் எந்த வாசனையும் எழாது. 8 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும், பாட்டிலைத் தொட்டால் குளிர வேண்டும், விரல் மரத்துப்போகக் கூடாது. காரில் கொண்டுவந்த பாட்டிலாக இருந்தால் குறைந்தது ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். ஆலையில் கடைசியாகக் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துத்தான் மூடி போடுவார்கள். பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை நொதித்து, அந்த வாயுதான் நுரையாக வரும்.

இதை நான் பாடமாகக் கற்றது வேறொரு சின்ன ஆலையின் பாட்டிலில். சர்க்கரையை அளவு மீறிப் போட்டிருந்தார்களோ என்னவோ, நானும் காரில் குலுக்கிக்கொண்டு வந்து அன்றைக்கே திறந்தேன். மூடி கழன்ற அடுத்த நொடி பாட்டிலில் பாதி அடுப்பங்கரைச் சுவரில் இருந்தது. இரண்டு நாள் வீடு முழுக்க வாழைப்பழ மண்டி வாசனை. அதிலிருந்து புது ஆலை பாட்டில் என்றால் சிங்குக்குள் வைத்துத்தான் திறக்கிறேன்.

கண்ணாடிக் கோப்பை, வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகியதாக இருந்தால் வாசனை தங்கும். ஒயின் கோப்பை போதும், தனியாக வாங்கத் தேவையில்லை. உயர டம்ளர் வேண்டாம். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை வரவிடுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டரை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

முதலில் பாருங்கள். வெளுத்த வைக்கோல் நிறத்திலிருந்து அடர்ந்த தங்கம் வரை போகலாம். பண்ணை பீரை வடிகட்டுவதில்லை என்பதால் லேசாகக் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நுரை வெள்ளை வெளேரென்று, டிகிரி காப்பி நுரைபோல் நிற்க வேண்டும், குடிக்கக் குடிக்கக் கோப்பையின் சுவரில் வலைபோல் ஒட்டிக்கொண்டே இறங்கும்.

பிறகு முகருங்கள், ஆனால் ஒரேயடியாக இழுக்காதீர்கள். குட்டிக் குட்டியாக மூன்று முறை. முதலில் பழம் வரும்: வாழை, சில சமயம் பேரிக்காய், ஆரஞ்சுத் தோல். கோப்பையைச் சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தால் கிராம்பும் வெள்ளை மிளகும். மூன்றாவதில் தேன், புதிய ரொட்டி. எனக்கு வந்தது உங்களுக்கு வராமல் போகலாம். என் நண்பர் ஒருவருக்கு எப்போதும் சாம்பிராணி வாசனைதான் வரும், நான் அவரோடு சண்டை போடுவதில்லை.

இப்போது ஒரு வாய். விழுங்காமல் இரண்டு நொடி வாயிலேயே வையுங்கள். குமிழிகள் நாக்கைக் குத்தும், அது வேண்டும், கனத்தைத் தூக்கி நிறுத்துவது அதுதான். நாக்கு நுனியில் தேன்போல் ஏதோ தொடங்கும். இனிக்கப் போகிறது என்று மூளை தயாராகும். அப்போதே அது கைவிட்டுப் போகும். நடுவில் மிளகு, கடைசியில் ஹாப்ஸின் கசப்பு, அப்புறம் வாய் காய்ந்து அடுத்த வாய்க்குக் காத்திருக்கும். முகர்ந்தால் இனிக்கும், குடித்தால் இனிக்காது. தொண்டைக்குக் கீழே இறங்கியபிறகு நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு எழும். ஆல்கஹால் முகம் காட்டுவது அங்கே மட்டும்தான். நல்ல ட்ரிபெல்லில் அது சுடாது.

சுட்டால்? அது குறை. நெயில் பாலிஷ் வாசனை வந்தால் ஈஸ்ட்டை மிஞ்சிய சூட்டில் ஓட்டியிருக்கிறார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை பாட்டிலில் அடைத்துக் கடையின் ஜன்னலோரத்தில் வைத்திருந்த பீர், வெளிச்சம் ஹாப்ஸோடு வினை புரிந்து நாறும். பழுப்பு பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். புளித்தால் கிருமி. இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் சந்திக்கும் குறை வேறு: திகட்டும் இனிப்பு. ஈஸ்ட் பாதியில் களைத்துப் படுத்துவிட்ட பீர் அது. புதிதாகக் குடிப்பவர்களுக்கு அதுவே பிடித்துப்போவதும் உண்டு.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 33 சென்டிலிட்டர் பாட்டிலில் 8.5 சதவீதம் என்றால் சுமார் 22 கிராம் ஆல்கஹால். பிரெஞ்சு சுகாதாரத் துறை ஒரு நாளைக்கு மிஞ்சக் கூடாது என்று சொல்லும் அளவு 20 கிராம். ஒற்றை பாட்டிலே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இனிப்பும் சுடுதலும் இல்லாததால் நாக்கு எச்சரிக்கவே எச்சரிக்காது. பண்ணைக்குக் காரில் போனால் அங்கே முகர்வதோடு நிறுத்திக்கொண்டு, வீட்டில் வந்து இரண்டு பேர் ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொள்வதுதான் என் வழக்கம்.

தொட்டுக்கொள்ள அந்த ஊர்க்காரர்கள் மாறுவால் என்ற, வீட்டையே தூக்கும் வாசனையுள்ள பாலாடைக்கட்டியை வைப்பார்கள். எனக்குப் பழைய மிமோலெட்தான் பொருத்தம், ஆரஞ்சு நிறத்தில் கடலைமிட்டாய்போல் நொறுங்கும். கோழி வறுவல், எண்ணெயில் பொரித்த மீன் எல்லாம் சேரும். மிளகாய்க் காரத்தோடு மட்டும் வேண்டாம். ஒருமுறை செட்டிநாட்டுக் கோழியோடு குடித்துப் பார்த்தேன். ஆல்கஹாலும் குமிழியும் சேர்ந்து காரத்தை இரண்டு மடங்காக்கின. பீரில் கசப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மிளகு தூக்கலாகப் போட்ட இறால் வறுவலோடு அதே பீர் அழகாகப் போனது.

பாட்டிலில் விட்டுவைத்த அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டரைக் கொட்டிவிடாதீர்கள். பாட்டிலை லேசாகச் சுழற்றி ஒரு சின்ன டம்ளரில் தனியாக ஊற்றுங்கள், கலங்கலாக விழும். புளித்த தோசைமாவின் வாசனை, கொஞ்சம் கசப்பு, நாக்கில் மாவுபோல் ஒட்டும். சிலர் இதைக் கோப்பையிலேயே கலந்து குடிப்பார்கள், எனக்குத் தனியாகத்தான் பிடிக்கும். இவ்வளவு நேரம் குடித்த வாழைப்பழத்தையும் கிராம்பையும் செய்தது அந்த ஈஸ்ட் வண்டல்தான்.